தூக்கம் பட்டியலில் இல்லை

ஆட்ட வாத்தியாருக்கு எந்த ஆட்டமும் ஆடத் தெரியாது. சீட்டைக் கையில் கொடுத்தால் எதிராளிக்கு வசதியாக விரித்துப் பிடிப்பார். பந்து தன்னை நோக்கி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். இருந்தாலும் பல்கலைக்கழகத்தில் வாயிற்காவலர் முதல் துணைவேந்தர் வரை அவரை அப்படித்தான் சொன்னார்கள். அவர் பொழுதுபோக்கியல் துறையில் பேராசிரியர். மனிதர்கள் வேலை செய்யாத நேரத்தில் என்ன செய்கிறார்கள், அதை ஏன் செய்கிறார்கள் என்று ஆராய்வது அந்தத் துறையின் வேலை.

டாக்டர் பட்டத்துக்காக அவர் மூன்று வருடம் ஒரு பூங்காவில் நின்றார். அங்கே ஓய்வுபெற்ற நான்கு பேர் தினமும் சீட்டாடுவார்கள். இவர் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பார். ‘சீட்டாட்டத்தில் தோற்றவர் இன்னொரு ஆட்டம் கேட்பது ஏன்?’ என்பது தலைப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கையால் என்பது முடிவு. பட்டம் வாங்கிய கையோடு பூங்காவுக்குப் போய் அந்த நால்வரிடமும் முடிவைச் சொன்னார். அதில் ஒருவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “இதுக்கா மூணு வருஷம் நின்னீங்க? மொத நாளே கேட்டிருந்தா சொல்லியிருப்போமே” என்றார். நூலாக அச்சிட்டபோது ஆட்ட வாத்தியார் இதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்வதற்குத் தோதான பதவி எதுவும் அவரிடம் இல்லை.

துறைக்கு மூன்று அறைகள். விளையாட்டுச் சாமான் கிடங்குக்குப் பின்னால் இருந்ததால் எந்நேரமும் பழைய பந்துத் தோலின் வாடை அடிக்கும். அவர் மேஜைக்கு எதிரே இருந்த ஜன்னலைத் திறந்தால் மைதானம். மதியம் இரண்டு மணிக்கு மைதானக்காரர் சுண்ணாம்புப் பொடித் தள்ளுவண்டியோடு வந்து கோடு போட ஆரம்பிப்பார். நாலரைக்குப் பிள்ளைகள் வந்து அந்தக் கோட்டையெல்லாம் மிதித்து அழித்துவிடுவார்கள். மறுநாள் மறுபடியும் போடுவார். அலுக்கவில்லையா என்று ஒருநாள் ஆட்ட வாத்தியார் கேட்டதற்கு, “அழிச்சாத்தானே சார் எனக்கு நாளைக்கு வேலை” என்று சிரித்தார். இருவரும் ஜன்னலுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாக நின்று டீ குடிப்பார்கள். வீட்டுக்குப் போனால் மனைவி இருப்பார். அவர் மருத்துவமனையில் செவிலியர். ஒரே ஒரு தடவை கடலைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஆசை. “அடுத்த லீவுல போலாம்” என்பார் இவர். பொழுதுபோக்கியலில் லீவு கிடைப்பது கஷ்டம்.

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று ஒரு கடிதம் வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் போடும் குழு அது. அவர்கள் அனுப்பிய நூற்றெண்பது கேள்விகளில் நூற்று அறுபத்தொன்றாவது, ‘மாணவர்களுக்குப் பொழுதுபோக்கு உண்டா?’ என்பது. துணைவேந்தர் ஆட்ட வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். பதினான்கு வருடப் பணியில் அவர் அந்த அறைக்குள் நுழைந்தது அன்றுதான்.

“பசங்க விளையாடறாங்களா?” என்றார் துணைவேந்தர்.

“விளையாடறாங்க சார். சாயங்காலம் மைதானமே நெறஞ்சிருக்கும்.”

“ஆதாரம்?”

ஆட்ட வாத்தியாருக்குப் புரியவில்லை. “ஜன்னல்ல எட்டிப் பாத்தா தெரியும் சார்.”

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீளமாகப் பேசப் போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

“பேராசிரியரே, கண்ணால பாக்கறது ஆதாரம் ஆகாது. நான் இங்க வந்து ஒன்பது வருஷம் ஆகுது. ஒரு தடவைகூட ஜன்னல் வழியா எட்டிப் பாத்ததில்லை. எல்லாத்தையும் காகிதத்துலதான் பாக்கறேன். அதனாலதான் இந்தப் பல்கலைக்கழகம் ரொம்ப நல்லா நடக்குதுன்னு எனக்குத் தெரியுது. ஜன்னல் வழியா பாக்கறவங்களுக்கு அது தெரியறதில்லை.”

அங்கே இருந்த மூன்று டீன்களும் தலையாட்டினார்கள். நான்காவதாகத் தலையாட்டியது தான்தான் என்பது ஆட்ட வாத்தியாருக்கு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆதாரம் திரட்டும் பொறுப்பை அவர் தலையிலேயே கட்டினார்கள். அவரும் ஆராய்ச்சியாளர் அல்லவா, முறையாகச் செய்தார். நான்கு பக்கப் படிவம் ஒன்று தயாரானது. ஆடப்போகும் ஆட்டத்தின் பெயர், எதிர்பார்க்கும் மகிழ்ச்சி ஐந்துக்கு எத்தனை, ஆடிய பின் கிடைத்த மகிழ்ச்சி ஐந்துக்கு எத்தனை, இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் காரணம், சாட்சிகள் இருவர் கையெழுத்து. கால்பந்தில் கோல் காப்பவர் பெரும்பாலும் சும்மா நிற்பதால் அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு பக்கம். ஆடுவதற்கு முன் பாதியும் ஆடிய பின் மீதியும் நிரப்ப வேண்டும். நிரப்பி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் இருட்டிவிடும்.

முதல் வாரம் முப்பது பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஆறு பேர். மூன்றாம் வாரம் மைதானக்காரர் மட்டும் ஜன்னலருகே வந்து நின்றார்.

“சார், கோடு போட்டது போட்ட மாதிரியே கெடக்கு. மிதிக்க ஆளில்லை. இன்னிக்கும் போடணுமா?”

“உங்களுக்கு என்ன உத்தரவு?”

“தெனமும் போடணும்னுதான் உத்தரவு.”

“அப்ப போடுங்க.”

மைதானக்காரர் கோட்டின் மேலேயே கோடு போட்டார். மாதம் முடிவதற்குள் அது ஒரு விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது.

மதிப்பீட்டுக் குழு வந்தது. ஐந்து பேர் மைதானத்தின் ஓரத்தில் குடை பிடித்தபடி நின்று பார்த்தார்கள். ஒரு புல்கூடச் சாயவில்லை. படிவங்களைப் புரட்டினார்கள். அந்த மாதம் காயம் ஏதுமில்லை, சண்டை ஏதுமில்லை, கண்ணாடி உடைந்த புகார் ஏதுமில்லை. இவ்வளவு ஒழுங்கான பொழுதுபோக்கை எங்குமே பார்த்ததில்லை என்று குழுத் தலைவர் எழுதினார். நூற்று அறுபத்தொன்றாவது கேள்விக்கு முழு மதிப்பெண். மற்ற கேள்விகளில் வாங்கியதையெல்லாம் சேர்த்தாலும் அந்த அளவுக்குப் பெருமை இல்லை.

ஆட்ட வாத்தியாருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் அதே வாரம் அவரை மாணவர் பொழுதுபோக்கு இயக்குநர் ஆக்கினார்கள். புது அறைக்கு ஜன்னல் இல்லை. நாற்காலியின் முதுகு தலைக்கு மேல் ஒரு சாண் நீண்டிருந்தது. சாய்ந்து உட்கார்ந்ததும் உறுத்தல் போய்விட்டது.

அடுத்த வருடமும் மதிப்பெண் வேண்டுமே. ஆடுவதற்குத்தான் ஆளில்லை. எனவே பொழுதுபோக்கைக் கட்டாயப் பாடம் ஆக்கினார்கள். புதன்கிழமை தோறும் மூன்றிலிருந்து நான்கு வரை அனைவரும் மகிழ வேண்டும். முக்கால்வாசி நாள் வருகை இல்லையென்றால் பட்டம் கிடையாது. எவையெல்லாம் பொழுதுபோக்கு என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். அது ஒன்பது தடவை கூடி நாற்பத்திரண்டு பொழுதுபோக்குகளை அங்கீகரித்தது. அரட்டை ஏற்கப்பட்டது, ஆனால் தலைப்பை மூன்று நாள் முன்பே எழுதித் தர வேண்டும். சிரிப்பு ஏற்கப்பட்டது, பயிற்சி பெற்ற அலுவலர் முன்னிலையில் குழுவாகச் சிரித்தால் மட்டும். தூக்கம் என்ற பேச்சு வந்தபோது உடலியல் துறைத் தலைவர் எழுந்து, அது தங்கள் துறையின் சொத்து, அடுத்தவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சண்டைக்கு வந்தார். துறைகளுக்கு இடையே நல்லுறவு நிலவ வேண்டும் என்பதற்காகத் தூக்கத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இந்த நீக்கத்தால் ஒருத்திக்குக் கேடு வந்தது. அவள் வேதியியல் இறுதியாண்டு மாணவி, வகுப்பில் முதலாவது. அம்மா தையற்கடை வைத்திருந்தார். விடியலில் எழுந்து அம்மாவுக்குப் பித்தான் தைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்து, நாள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் நிற்பாள். புதன்கிழமை மூன்று மணிக்கு மைதானத்து ஓர மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் நான்கு மணிக்கு மணியடிக்கும்போதுதான் எழுந்திருப்பாள். இயக்குநர் அலுவலகத்திலிருந்து வருகை எடுக்க வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். இருக்கிறாள், ஆனால் நாற்பத்திரண்டில் எதையும் செய்யவில்லை. ‘வருகை இல்லை’ என்று குறித்துக்கொண்டு, எழுப்பாமல் போனார்கள். வருடம் முழுக்க இப்படியே.

தேர்வு முடிவு வந்தபோது வேதியியலில் தங்கப் பதக்கம், பொழுதுபோக்கில் தோல்வி. ஒரு மருந்துக் கம்பெனி அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. இருபது நாளில் பட்டச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும்.

அம்மாவும் பெண்ணும் இயக்குநரைப் பார்க்க வந்தார்கள். தையல்காரம்மா அவசரத்தில் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார். ஆட்ட வாத்தியார் மரியாதையாகவே நாற்காலியைக் காட்டினார்.

“எம் பொண்ணு யார்கிட்டயாச்சும் வம்பு பண்ணிச்சா சார்?”

“அதெல்லாம் இல்லைம்மா. ரொம்ப நல்ல பொண்ணு. பொழுதுபோக்குலதான் கொஞ்சம் வீக்.”

“ஓய்வா இருக்கணும்னுதானே சார் அந்த ஒரு மணி நேரத்தைக் குடுத்தீங்க? அது ஓய்வா தூங்கியிருக்கு.”

“தூக்கம் பட்டியல்ல இல்லைம்மா.”

“நான் படிக்காதவ சார். ஓய்வுன்னா தூங்கறதுன்னு நெனச்சுட்டேன்.”

“பரவாயில்லைம்மா. பொதுவா எல்லாரும் பண்ற தப்புதான்.” ஆறுதலாகத்தான் சொன்னார்.

பெண் மேஜையருகே வந்து நின்றாள். “மீதி மணி நேரத்தை இப்ப செஞ்சு குடுத்துடறேன் சார். இருபது நாளும் தொடர்ந்து சிரிக்கச் சொன்னாலும் சிரிக்கறேன்.”

“பாடத்திட்டப்படி புதன்கிழமை மட்டும்தாம்மா. அதுவும் இப்ப விடுமுறை. விடுமுறையில பொழுதுபோக்கு கெடையாது. அடுத்த வருஷம் சேந்து பண்ணிடலாம்.”

“கம்பெனி அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குமா சார்?” என்று தையல்காரம்மா கேட்டார். மகளிடமா அவரிடமா என்று தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு ஆட்ட வாத்தியாருக்கு டீ இறங்கவில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஒரு தாளை எடுத்து, ‘இந்த மாணவிக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்’ என்று ஒரே வரி எழுதினார். கையெழுத்துப் போடும் முன் அலுவலகக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்காணிப்பாளர் முப்பது வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவர்.

“போடலாம் சார். ஆனா ஒருத்திக்குப் பொழுதுபோக்கு இல்லாம பட்டம் குடுக்கலாம்னா, எல்லாருக்கும் குடுக்கலாமேன்னு கேப்பாங்க. அப்புறம் இந்தப் பாடம் எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் இந்த அறை எதுக்குன்னு கேப்பாங்க.”

ஆட்ட வாத்தியார் அறையைச் சுற்றிப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துணைவேந்தரிடம் போனார்.

துணைவேந்தர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

“மனசு கஷ்டமாத்தான் இருக்கு. எனக்கும் பொண்ணு இருக்கா. ஆனா பாருங்க, இரக்கப்படறதுக்குன்னு நம்ம விதிப்புத்தகத்துல ஒரு பிரிவும் இல்லை. இருந்திருந்தா மொத ஆளா நான் இரக்கப்படுவேன். விதி இல்லாம இரக்கப்பட்டா அது முறைகேடு. நான் முறைகேடு பண்ணினதே இல்லை. என் அண்ணன் பையனை இங்க வேலைக்கு எடுத்தப்பகூட அதுக்குன்னு விதியை மாத்திட்டுத்தான் எடுத்தேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அது இருக்கட்டும். பதிவாளர் பதவி காலியாகுது. அடுத்த வாரம் நேர்காணல். நீங்க விண்ணப்பம் போட்டிருக்கீங்களா?”

“இல்லை சார்.”

“போடுங்க. சட்டைப்பையில என்ன காகிதம்?”

“ஒண்ணும் இல்லை சார்” என்றார் ஆட்ட வாத்தியார்.

பதிவாளரானதும் பட்டமளிப்பு விழாவுக்குச் சிவப்பு அங்கி வேண்டும். பல்கலைக்கழகத்து அங்கிகளைத் தைக்கும் வேலை அந்த வருடம் ஒரு புதிய கடைக்குப் போயிருந்தது. அளவெடுக்க வந்தவர் தையல்காரம்மா. கூடவே மகள், கையில் நோட்டுப் புத்தகத்தோடு. ஆட்ட வாத்தியார் எழுந்து கைகளை விரித்து நின்றார். நாடா அவர் தோளில் ஓடியது, மார்பைச் சுற்றியது.

“தோள் பதினெட்டு,” என்றார் தையல்காரம்மா. பெண் எழுதினாள்.

“மார்பு நாப்பத்திரெண்டு.” எழுதினாள்.

“கழுத்து…” நாடா கழுத்தைச் சுற்றி வந்து ஒரு கணம் நின்றது. ஆட்ட வாத்தியார் மூச்சை அடக்கிக்கொண்டார். “பதினஞ்சரை.” எழுதினாள்.

ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது அவருக்கு. “பாப்பா இப்ப என்ன பண்ணுது?”

“கையைக் கொஞ்சம் தூக்குங்க சார்,” என்றார் தையல்காரம்மா.

அங்கி கச்சிதமாகத் தைத்து வந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் மேடையில் ஏறிய வருடம்தான் பொழுதுபோக்கு ஆய்வு மையம் கட்டுவது என்று முடிவானது. இடம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் பயன்படாமல் கிடக்கும் இடம் எதுவென்று பார்த்தால் மைதானம். படிவங்களே அதற்குச் சாட்சி. ஒரு வாரத்தில் தோண்டிப் போட்டார்கள். மரத்தை வெட்டினார்கள். ஐந்து மாடிக் கட்டிடம் எழுந்தது. முன்கூடத்தில் பச்சைக் கம்பளம் விரித்து, அதில் வெள்ளைக் கோடுகள் நெய்திருந்தார்கள், மைதானத்தின் நினைவாக. விலை உயர்ந்த கம்பளம் என்பதால் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. மைதானக்காரரைப் போட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஸ்டூலில் உட்கார்ந்து, “ஓரமா போங்க, ஓரமா போங்க” என்பது அவர் வேலை. பதிவாளர் கடந்து போகும்போது எழுந்து நிற்பார். பதிவாளரும் ஓரமாகத்தான் போவார். டீ குடிக்க இருவருக்கும் நேரம் ஒத்துவரவில்லை. எட்டாவது மாதம் மைதானக்காரர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தபடி செத்துப் போனார். அன்று மாலை வரை யாரும் கம்பளத்தை மிதிக்கவில்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்தச் சமயத்தில் பொழுதுபோக்கு மாநாடுகள் நிறைய நடந்தன. எல்லாமே கடற்கரை விடுதிகளில். திரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று திரைச்சீலைகளை இழுத்து மூடிவிடுவார்கள். எட்டு கடற்கரைகளுக்குப் போன ஆட்ட வாத்தியார் ஒரு அலைகூடப் பார்த்ததில்லை. மனைவியை அழைத்துப் போக விதியில் இடமில்லை. ஒன்பதாவது மாநாட்டுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“டூட்டிக்கா?”

“இல்லைங்க. தங்கச்சியும் நானும் கடலுக்குப் போறோம். நாலு நாள் லீவு போட்டிருக்கேன்.”

“சொல்லவே இல்லை?”

“இருபத்திரெண்டு வருஷமா சொல்லிட்டுதான் இருந்தேன்.”

அங்கிருந்து ஒரு படம் அனுப்பினார். முழங்கால் வரை தண்ணீரில் நின்று, தலையை அண்ணாந்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஆட்ட வாத்தியார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மாநாட்டு உரையில் ஏழாவது படமாகச் சேர்த்து, ‘திட்டமிடப்படாத மகிழ்ச்சி: ஒரு நடுத்தர வயது மாதிரி’ என்று தலைப்புக் கொடுத்தார். நல்ல கைதட்டல். ஊர் திரும்பி வீட்டுக்குப் போனால் மனைவியின் துணிமணி இருந்த அலமாரி காலியாக இருந்தது. தங்கை வீட்டிலேயே தங்கிக்கொள்வதாக ஒரு சீட்டு. மருத்துவமனைக்கு அது பக்கமாம். காரணம் நியாயமாகப் பட்டதால் அவர் மறுத்து ஒன்றும் எழுதவில்லை.

பதிவாளரான நான்காம் வருடம் அவர் துணைவேந்தர் ஆனார். போட்டியில் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவர் ஒரு கட்டுரையில் கருத்துச் சொல்லியிருந்தார். மற்றவர் ஒரு கூட்டத்தில் கேள்வி கேட்டிருந்தார். ஆட்ட வாத்தியார் மேல் அப்படி எந்தக் கறையும் இல்லை.

பதவியேற்ற முதல் மாதம் கண்காணிப்பாளர் ஒரு கோப்போடு வந்தார். பொழுதுபோக்கியல் துறையை மூடும் கோப்பு. மூன்று வருடமாக ஒரு மாணவரும் சேரவில்லை. முன்பு படித்து வெளியே போன சிலரோ, தாங்கள் வாங்கிய பட்டத்துக்கு எங்கும் மதிப்பில்லை என்று வழக்குப் போட்டிருந்தார்கள். வழக்கிலிருந்து தப்பிக்கச் சட்ட ஆலோசகர் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘இத்துறையும் அதன் பதவிகளும் தொடக்கம் முதலே இருந்ததில்லை எனக் கருதப்படும்.’ இல்லாத துறை மேல் எப்படி வழக்குப் போடுவது?

கண்காணிப்பாளர் தயங்கினார். “சார், நீங்க பேராசிரியரா இருந்ததும் இந்தத் துறையிலதான்.”

“கோப்பு சரியா இருக்கா?”

“எல்லாம் சரியா இருக்கு சார்.”

“அப்புறம் என்ன?” என்று கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து அவருக்கு.

மூன்று வருடம் துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாவது மாதம் தூரத்து நாட்டு ஆய்வுக் கழகம் ஒன்று, பொழுதுபோக்கியலுக்கு வாழ்நாளைக் கொடுத்த அறிஞர் என்று அவரைக் கௌரவிக்க அழைத்தது. அத்துறையில் பேராசிரியராக இருந்தமைக்குச் சான்று மட்டும் அனுப்பினால் போதும். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகம் போய்ச் சான்றிதழ்ப் பிரிவு ஜன்னலில் வரிசையில் நின்றார்.

உள்ளே ஒரு புது எழுத்தர், கணினியை விட்டுக் கண்ணெடுக்காதவர். “எந்தத் துறை?”

“பொழுதுபோக்கியல்.”

தட்டிப் பார்த்தார். “அப்படி ஒண்ணு இல்லையே.”

“இருந்துது. மூடியாச்சு.”

“மூடினாலும் இருந்தது காட்டும் சார். இது இருந்ததாவே காட்டலை.”

“ஒரு உத்தரவு இருக்கும், பாருங்க. கையெழுத்துப் போட்டதே நான்தான்.”

எழுத்தர் தேடி எடுத்தார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

“தொடக்கம் முதலே இல்லைன்னு போட்டிருக்கு. அப்ப நீங்க பேராசிரியராவே இருந்ததில்லை சார்.”

“சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டது அது.”

“பத்து வருஷம் பேராசிரியரா இருந்தாத்தானே துணைவேந்தர் ஆக முடியும்?” எழுத்தர் சற்று யோசித்தார். கெட்டவரில்லை, சிரத்தையானவர். “இதை நான் மேல அனுப்பணும் சார். தெரிஞ்சும் அனுப்பலைன்னா என் மேல வந்துடும்.”

அனுப்பினார். விசாரணைக் குழு அமைந்தது. பதினான்கு அமர்வுகள். ஆட்ட வாத்தியாரை அழைக்கவில்லை. இருந்திராத ஒருவரை எந்தப் பதவியைச் சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. முடிவில், அவர் இயக்குநராகவும் பதிவாளராகவும் துணைவேந்தராகவும் பிறப்பித்த எல்லா உத்தரவுகளும் செல்லாதவை என்று அறிவித்தார்கள். துறையை மூடிய உத்தரவு மட்டும் செல்லும். அது செல்லாவிட்டால் மற்றவை செல்லாமல் போகாது.

செய்தி பத்திரிகையில் வந்தது. மறுநாள் காலை தையல்காரம்மா அதே பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் முன் வந்து நின்றார். ஆட்ட வாத்தியாரும் அந்த அறையில் ஒரு மூலையில் இருந்தார். அறிக்கையின் நகல் கேட்டு விண்ணப்பித்திருந்தார்.

“அப்ப எம் பொண்ணு பெயிலுன்னு சொன்ன உத்தரவும் செல்லாதா சார்?”

கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “செல்லாதும்மா. உங்க பொண்ணு பாஸ்தான்.”

தையல்காரம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அப்ப சர்ட்டிபிகேட்?”

“ஆறு வருஷத்துக்குள்ள வந்து வாங்கிக்கணும். இப்ப ஏழரை ஆகுது. ஆறு தாண்டினா எல்லாப் பரீட்சையும் மறுபடி எழுதணும்.”

“ஆறு வருஷமா பெயிலுன்னு சொல்லிட்டு, எப்படி சார் வந்து வாங்கறது?”

“அது நியாயம்தாம்மா. ஆனா அப்ப நீங்க கேக்கலையே.”

தையல்காரம்மா திரும்பி மூலையில் இருந்தவரைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று ஆட்ட வாத்தியார் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவரோ அளவெடுப்பவர் பார்வையோடு, தோளிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். “எளைச்சுட்டீங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நகல் வந்தது. ஆட்ட வாத்தியார் வீட்டுக்கு எடுத்துப் போய் முதலிலிருந்து படித்தார். துணைவேந்தர்கள் வரிசைப் பலகையில் அவர் பெயர் இருந்த இடத்தைச் சுரண்டி, மேலே வர்ணம் பூசியாயிற்று. அந்த மூன்று ஆண்டுகளும் பல்கலைக்கழகம் துணைவேந்தர் இல்லாமல் இயங்கியதாகப் பதிவு செய்திருந்தார்கள். கடைசிப் பத்தியில் குழு தன் வியப்பைத் தெரிவித்திருந்தது: ‘அக்காலத்தில் எவ்வித வேறுபாடும் உணரப்படவில்லை.’

கடைசிப் பத்தியை அவர் இருமுறை படித்தார். நல்ல அறிக்கை. எதையும் விடவில்லை, எதையும் மிகையாகச் சொல்லவில்லை. பதினோராம் பக்கத்தில் மட்டும் ஒரு கால்புள்ளி விட்டுப் போயிருந்தது. பென்சிலால் அதைப் போட்டு, உறையில் வைத்து, உரிய வழியில் திருப்பி அனுப்பினார்.